27 மாதங்களுக்கு விடைபெறுதல்

அயல்நாட்டில் நெடுங்காலத் தன்னார்வப் பணிக்குச் செல்வோர் புறப்படுமுன் வீட்டில் முடித்தாக வேண்டியவை எவை, எவ்வளவு முயன்றாலும் வீட்டில் இருந்தபடி முடிக்க இயலாதவை எவை? அறுபது ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் சொல்லும் பாடங்கள்.

தன்னார்வப் பணி என்றதும் பொதுவாக மனக்கண்ணில் தோன்றுவது அப்பணி நடைபெறும் இடமே: மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடம், ஆண்டிஸ் மலைச்சரிவின் வேளாண் கூட்டுறவு, பசிபிக் தீவொன்றின் மருத்துவ நிலையம். அவ்விடத்தை அடைவதற்கு முன், விண்ணப்பம் எழுதிய நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடைப்பட்ட பல மாதங்களில், செல்பவரும் அவரது குடும்பத்தாரும் செய்துமுடிக்கும் வேலைகளைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அந்த மாதங்களைப் பயணத்துக்கு முந்திய அலைச்சல் என்று ஒதுக்கிவிடுவது பிழை. பணியின் முதற்பகுதி அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் தம் வீட்டிலிருந்து விடைபெறும் முறையே, அயலார் வீட்டுக்குள் அவர் நுழையும் முறையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இங்கு நெடுங்காலப் பணி எனக் குறிக்கப்படுவது, விடுமுறையில் இரண்டு வாரம் சென்று பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசித் திரும்பும் பயணம் அன்று. ஓராண்டுக்குக் குறையாமல், பெரும்பாலும் இரண்டாண்டுகள், சென்ற ஊரின் மக்கள் வாழும் நிலையை ஒட்டியே வாழ்ந்து, ஊதியத்துக்குப் பதிலாக வாழ்க்கைச் செலவுக்கான படியை மட்டும் பெற்று, உள்ளூர்ப் பள்ளியுடனோ மருத்துவமனையுடனோ உழவர் அமைப்புடனோ இணைந்து பணியாற்றுவதையே அது குறிக்கிறது. அமெரிக்க அரசின் பீஸ் கோர் நிறுவனத்தில் இக்காலம், மூன்று மாதப் பயிற்சியும் இரண்டாண்டுப் பணியுமாக, 27 மாதங்கள்.

அதிகாலையில் கேட்கப்பட்ட கேள்வி

இவ்வகைப் பணிக்கு நிறுவன வடிவம் கிடைத்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். 1958-இல் பிரிட்டனில் அலெக் டிக்சனும் அவர் மனைவி மோரா டிக்சனும் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற அமைப்பு, பள்ளிப்படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேரக் காத்திருந்த இளைஞர்களை முதலில் அனுப்பியது. தொழில் தேர்ச்சி உடையவர்களே பெரிதும் பயன்படுவார்கள் என்பதை உணர்ந்து, பின்னர் அவர்கள் பக்கம் திரும்பியது. 1960 அக்டோபர் 14-ஆம் நாள் அதிகாலை சுமார் 2 மணிக்கு, அதிபர் தேர்தல் வேட்பாளராக இருந்த ஜான் கென்னடி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தமக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான மாணவர்களிடம், மருத்துவராகப் போகிறவர்களில் எத்தனைபேர் கானாவில் சென்று பணியாற்ற ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்ற பொருளில் ஒரு கேள்வியை எழுப்பினார். அம்மாணவர்களின் ஆதரவு, அடுத்த ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் பீஸ் கோர் நிறுவப்படுவதற்கு வழிகோலியது. 1965-இல் ஜப்பான் தன் வெளிநாட்டு ஒத்துழைப்புத் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கி, முதற்குழுவை லாவோஸ் நாட்டுக்கு அனுப்பியது. 1970-இல் ஐ.நா. பொதுச்சபை எடுத்த முடிவின்படி ஐ.நா. தன்னார்வலர் திட்டம் உருவாயிற்று.

இவற்றில் பீஸ் கோர் வழியாக மட்டும் இதுவரை 2,40,000-க்கும் மேற்பட்டோர் 140-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றுள்ளனர். இந்தியாவுக்கு 1961 முதல் 1976 வரை அதன் தன்னார்வலர்கள் வந்தனர்; இலங்கைக்கு 1962-இல் வரத் தொடங்கினர். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லிலியன் கார்ட்டர், செவிலியராகப் பணியாற்றியவர், 1966-இல் தம் 68-ஆம் வயதில் மும்பையை அடுத்த விக்ரோலிக்கு வந்து, தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவத் தொண்டு புரிந்து 1968-இல் ஊர் திரும்பினார். கணவரை இழந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு பெண்மணி அவ்வயதில் புறப்பட்டது, இப்பணி இளைஞருக்கு மட்டுமே உரியதன்று என்பதற்குச் சான்று. பீஸ் கோரில் சேர 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல்வரம்பு ஏதும் இல்லை.

கயிற்றில் ஏறியவர்களும் வீட்டில் தங்கியவர்களும்

செல்பவரை எப்படி ஆயத்தப்படுத்துவது என்பதில் தொடக்ககாலக் கருத்து இன்றைய கருத்துக்கு ஏறத்தாழ நேர்மாறானது. அயல்நாட்டுச் சிற்றூர் வாழ்க்கை என்பது உடலையும் மனத்தையும் வாட்டும் சோதனை, அச்சோதனையைத் தாங்கக்கூடியவரைப் பொறுக்கி எடுப்பதே ஆயத்தம் என்று 1960-களில் கருதப்பட்டது. எனவே தன்னார்வலர்கள் பலர் புவேர்ட்டோ ரிக்கோ தீவின் காட்டுப்பகுதியில் அமைந்த முகாம்களில் பாறை ஏறவும், கயிற்றில் தொங்கி இறங்கவும், கைகால்கள் கட்டப்பட்ட நிலையிலும் நீரில் மூழ்காமல் மிதக்கவும் பழக்கப்பட்டனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த பயிற்சிகளில் உளவியல் வல்லுநர்கள் அவர்களை உற்றுநோக்கினர். உடன் பயில்வோரைப் பற்றி மதிப்பீடு எழுதும்படி பயிற்சி பெறுவோரே கேட்கப்பட்டனர். தகுதியற்றவர் என்று தேர்வுக்குழு முடிவு செய்தவர் பயிற்சியின் இடையிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்து, உற்றார் உறவினரிடம் விடைபெற்று வந்த ஒருவர், சில வாரங்களில் காரணம் முழுமையாக விளங்காமலே திரும்பி நின்றது எத்தகைய மனக்காயம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நாளடைவில் இம்முறையின் குறை புலப்பட்டது. பாறை ஏறும் திறன், சந்தையில் காய்கறி விற்கும் மூதாட்டியிடம் மரியாதையாகப் பேசும் திறனைத் தருவதில்லை. தனிமையையும் பயனின்மை உணர்வையும் தாங்கும் வலிமை கயிற்றில் தொங்குவதால் வளர்வதில்லை. எனவே பயிற்சி, 1960-களின் இறுதியிலிருந்து படிப்படியாகப் பணி நடக்கும் நாட்டுக்கே மாற்றப்பட்டது. இன்று பீஸ் கோர் தன்னார்வலர்கள் தம் நாட்டில் ஒன்றிரண்டு நாள் அறிமுகக் கூட்டத்துக்குப் பின் விமானம் ஏறி, சென்ற நாட்டில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்கி, அந்நாட்டு ஆசிரியர்களிடம் மொழியும் தொழிலும் கற்று, அதன் பின்னரே உறுதிமொழி ஏற்றுப் பணியில் அமர்கின்றனர். ஜப்பானிய முறை சற்று வேறுபட்டது. நகானோ மாகாணத்தின் கொமாகானே, ஃபுகுஷிமா மாகாணத்தின் நிஹோன்மட்சு ஆகிய ஊர்களிலுள்ள பயிற்சி நிலையங்களில் தன்னார்வலர்கள் சுமார் 70 நாள் உண்டு உறைந்து, அக்காலத்தின் பெரும்பகுதியை மொழி கற்பதிலேயே செலவிடுகின்றனர்.

இரு முறைகளும் ஒரே முடிவுக்கு வந்து சேர்வது கவனிக்கத்தக்கது. வீரரைத் தேர்ந்தெடுப்பதை விட்டு மாணவரை உருவாக்குவதற்கு ஆயத்தம் என்ற கருத்து மாறிவிட்டது. அப்படியானால் புறப்படும் முன் வீட்டில் செய்ய வேண்டியதென்ன என்ற கேள்விக்கும் விடை மாறுகிறது.

உடலும் ஆவணமும்

முதலில் வருவது ஒப்புதல்கள். மருத்துவ ஒப்புதல் என்பது, குறிப்பிட்ட நாட்டில் கிடைக்கும் மருத்துவ வசதியைக் கொண்டு இவரது உடல்நலத்தைக் காக்க இயலுமா என்று நிறுவனம் முன்கூட்டியே ஆராய்ந்து தரும் இசைவாகும். இரத்தப் பரிசோதனை, காசநோய்ச் சோதனை, கண் பரிசோதனை, பல்லின் எக்ஸ்ரே எனப் படிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பல் மருத்துவரிடம் பலர் வேண்டாவெறுப்பாகவே செல்வர். ஆனால் பல் மருத்துவர் நாள்கணக்கான பயணத் தொலைவில் இருக்கும் ஊரில், கடைவாயின் கோடியில் முளைக்கும் ஞானப்பல் தொல்லை தரத் தொடங்கினால் அது சிறு துன்பமன்று என்பதால், ஐயத்துக்குரிய பல்லைப் புறப்படுமுன் பிடுங்கிவிடும்படி அறிவுறுத்தப்படுவதுண்டு. கண்ணாடி அணிபவர் இரண்டு கண்ணாடிகள் எடுத்துச் செல்ல வேண்டும். நாள்தோறும் மருந்து உண்பவர் மூன்று மாதத்துக்கான மருந்தைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, அதனைக் கட்டாயமாக்கியுள்ள நாட்டுக்குள் நுழைவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போடப்பட்டிருந்தால்தான் அதன் சான்றிதழ் செல்லும்.

சட்ட ஒப்புதல் என்பது கைரேகை பதித்து, கடந்தகால வாழ்வு பற்றிய விசாரணைக்கு உடன்படுவதாகும். பீஸ் கோரில் இதற்கொரு தனி விதி உண்டு: அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர் தன்னார்வலராகச் சேர முடியாது. தன்னார்வலர் உளவாளியோ என்ற ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால் அவரை நம்பி வீட்டுக்கதவைத் திறக்க எவரும் துணியமாட்டார்கள் என்பதால், தொடக்கம் முதலே அந்த வேலி உறுதியாகப் பேணப்பட்டு வருகிறது.

வீட்டாரிடம் ஒப்படைப்பது

படிவங்களை நிறுவனம் அனுப்பிவிடும். அடுத்த வேலைக்கு எந்தப் படிவமும் இல்லை. இருபது ஆண்டுகளோ அறுபது ஆண்டுகளோ ஓரிடத்தில் வாழ்ந்த மனிதரின் பெயர் எத்தனை காகிதங்களில் இருக்கிறது என்பது அவர் புறப்படத் துணியும்போதுதான் அவருக்கே தெரியவருகிறது. வாடகை ஒப்பந்தம், வாகனம், வங்கிக் கணக்கு, வருமான வரி, கல்விக் கடன், கைப்பேசி எண், வாக்குரிமை என ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு வேண்டும். அமெரிக்கக் கூட்டரசின் கல்விக் கடன்களுக்குப் பணிக்காலத்தில் தவணையைத் தள்ளிவைக்க வழியுண்டு. ஆனால் கேட்காமல் அது கிடைக்காது, கடனளித்தவரிடம் முன்கூட்டியே எழுதிப் பெற வேண்டும். அயல்நாட்டிலிருந்தபடி தபால் வழியே வாக்களிக்கும் உரிமை அமெரிக்கருக்கு 1986-ஆம் ஆண்டின் சட்டப்படி உண்டு. அதற்கும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இவ்வேலைகளின் நடுவே நிற்பது, தமக்குப் பதிலாகக் கையெழுத்திடும் உரிமையை நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு வழங்கும் அதிகார ஆவணம், பேச்சுவழக்கில் பவர் பத்திரம். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் சட்டத் தாள். ஆயினும் அதனை எழுதும்போது ஒருவர் தம் வாழ்வின் எந்தப் பகுதியை யாரிடம் ஒப்படைக்கலாம், எந்தக் கணக்கை யார் பார்ப்பார், எந்த முடிவைத் தம்மைக் கேளாமலே எடுக்கலாம் என்றெல்லாம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. பொறுப்பேற்கும் தங்கையோ நண்பரோ அதைச் சுமையாக உணராதபடி, எந்தத் தேதியில் எந்தத் தொகை செலுத்தப்பட வேண்டும், எந்தக் கோப்பில் எந்த ரசீது இருக்கிறது என்று ஒரே குறிப்பேட்டில் எழுதி, அவரை அருகில் அமர்த்திக்கொண்டு ஒருமுறை படித்துக் காட்டுவது, பத்திரத்தைவிடவும் பயனுள்ள வேலை.

இதனினும் கடினமானது பெற்றோருடன் நடத்த வேண்டிய பேச்சு. நாம் இல்லாதபோது அப்பாவுக்கு உடல்நலம் கெட்டால் மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார், அறுவை சிகிச்சை என்றால் முடிவெடுப்பவர் யார், எந்நிலையில் உடனே திரும்பி வர வேண்டும், எந்நிலையில் தொலைபேசியே போதும் என்ற கேள்விகளைப் பெரும்பாலான குடும்பங்கள் அபசகுனம் என்று தவிர்க்கின்றன. தவிர்ப்பதால் அக்கேள்விகள் மறைவதில்லை. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இணைப்பு அறுந்து அறுந்து கேட்கும் ஓர் அழைப்பில் அவை மீண்டும் எழுகின்றன. நெருங்கிய உறவினர் இறந்தாலோ உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தாலோ தன்னார்வலருக்கு அவசர விடுப்பும் பயணச் செலவும் வழங்குவது பீஸ் கோரின் வழக்கம். குடும்பத்தாருக்கென்றே ஒரு கையேட்டையும் அது வெளியிட்டுள்ளது. ஆனால் எந்த விதியும் அண்ணன் தங்கையரிடையே முன்கூட்டி ஏற்படும் உடன்பாட்டுக்கு ஈடாகாது. இருப்பவர் மனக்குறையின்றிப் பொறுப்பேற்றால் மட்டுமே செல்பவர் குற்றவுணர்வின்றிப் பணியாற்ற இயலும்.

வேலையை விடுவதும் பலருக்குப் பெருந்தடை. ஜப்பானில் பள்ளி ஆசிரியர்கள் தம் பணியிடத்தை இழக்காமலே தன்னார்வலராகச் சென்றுவர ஏற்பாடு உண்டு. அமெரிக்கத் தன்னார்வலருக்கு, திரும்பியபின் வாழ்வை மறுபடி தொடங்குவதற்கென ஒரு தொகை மாதந்தோறும் ஒதுக்கப்பட்டு முடிவில் வழங்கப்படுகிறது. தொடக்கத்தில் அது மாதம் 75 டாலராக இருந்தது, இன்று இரண்டாண்டை முழுமையாக நிறைவு செய்தவருக்கு 10,000 டாலருக்கு மேல் கிடைக்கிறது.

100 பவுண்டு எடைக்குள்

பெட்டி கட்டுவது கடைசி வேலை. ஆயினும் அதில்தான் அச்சம் அதிகம் வெளிப்படுகிறது. இரண்டு பெட்டிகள், இரண்டும் சேர்ந்து 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ என்பதே பீஸ் கோர் பொதுவாக வகுத்துள்ள எல்லை. அனுபவமற்றவர் அதில் இரண்டாண்டுக்கான சோப்பையும் பற்பசையையும் அடுக்குவார். மக்கள் வாழும் எந்த ஊரிலும் சோப்பு விற்கும். தம் காலுக்குப் பொருந்தும் செருப்பு, பழகிய கருவி, படிக்கத் தலைவிளக்கு, தங்கப்போகும் குடும்பத்துக்குக் கொடுக்கத் தம் ஊரின் நிழற்படங்களும் சிறு அன்பளிப்பும் போன்றவையே பெட்டியில் இடம்பெறத் தக்கவை. 1960-களில் தன்னார்வலர்களுக்குத் தாள் அட்டை நூல்கள் நிரம்பிய பெட்டி ஒன்றை நிறுவனமே வழங்கியது. மின்விளக்கில்லாத மாலைப்பொழுதுகளைக் கடக்க அந்நூல்கள் உதவின, ஊர்விட்டு ஊர் செல்லும்போது அடுத்து வருபவருக்கும் பள்ளி நூலகத்துக்கும் அவை கைமாறின. இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்திருக்கிறது. நாள்முழுதும் வீட்டாருடன் பேசிக்கொண்டிருக்க அது வழிசெய்வதால், ஊரில் வேரூன்ற வேண்டிய முதல் மாதங்களில் எத்தனை முறை அழைப்பது என்பதையும் புறப்படுமுன் பேசி வைப்பது நன்று.

வீட்டில் முடிக்க இயலாதது

1961 ஆகஸ்ட் 30-ஆம் நாள் கானாவின் தலைநகர் அக்ராவில் இறங்கிய பீஸ் கோரின் முதற்குழு ஆசிரியர்கள், தம்மை வரவேற்க வந்தவர்கள்முன் ட்வி மொழியில் கானா நாட்டின் பாடலைப் பாடினர். அந்தச் சிறு ஆயத்தம் நீண்ட உரைகள் செய்ய இயலாததைச் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் நைஜீரியாவின் இபாதான் நகரில், தன்னார்வலர் ஒருவர் அவ்வூரின் வாழ்க்கைநிலையைக் கண்டு திகைத்து எழுதிய அஞ்சலட்டை மாணவர் கையில் கிடைத்தது. தம் நாடு இழிவுபடுத்தப்பட்டதாக அவர்கள் கொதித்தெழ, அத்தன்னார்வலர் நைஜீரியாவை விட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வரிகளில் தீய எண்ணம் இருக்கவில்லை. கண்டதைப் புரிந்துகொள்ளக் கிடைத்த காலம் போதவில்லை என்பதே உண்மை.

புதிய சூழலில் பழகிய அடையாளங்கள் யாவும் மறைந்துபோவதால் எழும் பதற்றத்தைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று மானிடவியலர் அழைக்கின்றனர். அவர்களுள் ஒருவரான காலெர்வோ ஓபர்க் 1954-இல் பிரேசிலில் ஆற்றிய உரை அக்கருத்தைப் பரவலாக்கியது. முதலில் எல்லாம் அழகாகத் தோன்றும், பிறகு எல்லாம் எரிச்சலூட்டும், பின்னரே மெல்ல நிலை தெளியும் என்பது அவர் விவரித்த படிநிலை. இதனை ஏட்டில் படித்திருப்பது, எரிச்சல் வரும் நாளில் அது ஊரின் குற்றமன்று, தம் நிலையே என்று அறிய உதவும். எரிச்சலைத் தடுக்க அதனால் ஆகாது. குவளையில் நீர் மொண்டு குளிப்பதற்கும், எந்தக் கையால் உணவை வாங்குவது, பெரியவர் முன் எப்போது அமர்வது என்பவற்றுக்கும் ஆசிரியர் அந்த வீட்டுத் தாயும் குழந்தைகளுமே. பட்டம் பெற்ற ஒருவர், எட்டு வயதுச் சிறுமி திருத்தித் தரும் உச்சரிப்பை ஏற்று, வீட்டார் சிரிக்கும்போது தாமும் சிரிக்கப் பழகும் அந்த மூன்று மாதங்களை எந்த நூலும் முன்கூட்டித் தர இயலாது.

இத்துறையின் மிகக் கடுமையான விமர்சனமும் இவ்விடத்தையே தொட்டது. மெக்ஸிகோவின் குவெர்னவாகா நகரில் ஒரு மொழி, பண்பாட்டுப் பயிற்சி மையத்தை நடத்திய சிந்தனையாளர் இவான் இல்லிச், 1968-இல் அமெரிக்க மாணவத் தன்னார்வலர்களிடம் பேசும்போது, மொழியும் தெரியாமல் ஏழைகளுக்கு உதவ வருவது திணிப்பே, பார்க்கவும் படிக்கவும் வாருங்கள், உதவ வராதீர்கள் என்ற கருத்தை முன்வைத்தார். அதை முழுமையாக ஏற்காதவரும் அதில் ஒரு கடமையைக் காணலாம்: எந்த ஊர் இப்பணியாளரைக் கேட்டது, எதற்காகக் கேட்டது, உள்ளூரில் அவ்வேலையைச் செய்ய ஆளில்லையா என்று, ஒப்புக்கொள்ளும் முன்பே வினவுவது. விடை தெளிவாக இல்லையென்றால் புறப்படாதிருப்பதே நேர்மை.

ஆபத்தை மறைக்காத ஆயத்தம்

ஆர்வத்தின் பெயரால் ஆபத்தை மறைப்பது செல்பவருக்குச் செய்யும் துரோகம். 2009-இல் பெனின் நாட்டில், மாணவியர்மீது நிகழ்ந்த பாலியல் அத்துமீறலைப் பற்றிப் புகார் அளித்த இளம் தன்னார்வலர் ஒருவர் கொலையுண்டார். அவர் பெயரால் 2011-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், செல்லவிருக்கும் நாட்டின் குற்றநிலையையும் இடர்களையும் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும், புகார் அளிப்பவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும், பாலியல் வன்முறை குறித்த பயிற்சி தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அத்தகவலைப் பெற்றோருடன் சேர்ந்து படிப்பது ஆயத்தத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

எதிர்பாராத முடிவுக்கும் மனம் இடம் கொடுத்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 7,000 பீஸ் கோர் தன்னார்வலர்கள் சில நாள்களுக்குள் திருப்பி அழைக்கப்பட்டனர். மாணவரிடமும் தங்கிய குடும்பத்திடமும் விடைபெறக்கூடப் பலருக்கு வாய்க்கவில்லை. மீண்டும் தன்னார்வலர்கள் களத்துக்குச் செல்ல 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒப்படைக்கக் கற்றவர்

பணியின் இறுதியில் தன்னார்வலரை மதிப்பிடும் கேள்வி ஒன்றே: அவர் சென்றபின் அவ்வேலை தொடர்கிறதா? அதனால்தான் அவருடன் உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் இணைக்கப்படுகிறார். பாடத்திட்டமோ நாற்றங்காலோ தடுப்பூசிப் பதிவேடோ, எதுவாயினும், அவர் கைக்குச் சென்று சேர்ந்தால்தான் அது நிலைக்கும். எதைத் தம் கையிலேயே வைத்திருந்தாரோ அது அவருடனேயே முடிந்துவிடும்.

இந்தத் திறனை ஒருவர் முதன்முதலில் பயில்வது அயல்நாட்டில் அன்று, தம் வீட்டில்தான். தங்கையிடம் கணக்கேட்டை ஒப்படைத்தபோதும், அண்ணனிடம் தந்தையின் மருத்துவப் பொறுப்பை ஒப்படைத்தபோதும், தாம் இல்லாமலும் இவை செம்மையாக நடக்கும் என்று ஏற்றுக்கொண்டபோதும், இரண்டாண்டு கழித்து ஓர் அயலூரில் செய்யப்போவதையே அவர் செய்து பழகுகிறார். தம்மைத் தவிர்க்க முடியாதவராக எண்ணிக்கொண்டு வீட்டை விட்டவர் சென்ற ஊரிலும் அவ்வாறே நடந்துகொள்வார். பொறுப்பை முறையாகப் பகிர்ந்துவிட்டு வந்தவர், அங்கும் பகிரவே முனைவார். ஆகவே அயல்நாட்டுச் சேவைக்கு ஆயத்தமாகும் இளைஞரும் முதியவரும், பெட்டியின் எடையைப் பார்ப்பதற்கு முன், தாம் விட்டுச்செல்லும் வீட்டில் எவர் தோளிலும் அவர் அறியாத சுமை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்தவரே சேவைக்குத் தகுதி பெற்றவர். மற்றவற்றை அங்குள்ள மக்கள் கற்றுத் தருவார்கள்.